சேஷய்யர் உடைத்த பதினோரு ஒன்றுகள்

போன மாதம் பென்ஷன் காரியமாக எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தேன். உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு தடவை நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கலா, எங்கள் பழைய லாரி டிரைவரின் மகள், என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"தாத்தா, அந்தக் காலத்துல நீங்க ஆபீஸ் மெஷின்ல ஏதோ ஒரு எண்ண உடைச்சீங்களாமே? எங்கப்பா சொல்வாரு. அது என்ன எண்ணு?"

ஒன்று என்ற இலக்கத்தைப் பதினோரு தடவை வரிசையாக எழுதினால் வருகிற எண் என்றேன். அவள் செல்போனில் தட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் திரையில் இரண்டு எண்கள் வந்து நின்றன. இரண்டையும் பெருக்கினால் அந்தப் பதினோரு ஒன்றுகள். எனக்குக் கை தானாகக் குவிந்தது.

"போனையா கும்பிடுதீக?"

"பழகின ஆளுகளப் பாத்தா கும்பிடாம எப்படி, ஆத்தா?"

"இத உடைக்க ஒங்களுக்கு எத்தன நாளாச்சு?"

"ஆடியில தொடங்கினது. பங்குனியிலதான் முடிஞ்சுது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, தொழிலாளர் மலருக்கு இதை எழுதித் தரத்தான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெரிய எழுத்து வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பிறந்தது மலையாளத்துப் பக்கம் ஏலப்பாறைக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு பிடித்தேன். கங்காணிமாருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது என்று ஆபீசுக்கு இழுத்துக்கொண்டார்கள். அங்கே எனக்கு வாய்த்தது கணக்கு மெஷின் சுற்றுகிற வேலை.

அந்த மெஷினை இப்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கரண்டு வேண்டாம். டைப் அடிக்கிற மெஷினில் பாதி இருக்கும், ஆனால் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன நெம்புகோல்கள். எந்த எண் வேண்டுமோ அதை அவற்றில் இழுத்து வைக்க வேண்டும். வலப்பக்கம் ஒரு கைப்பிடி. கீழே இடமும் வலமும் நகரும் ஒரு பெட்டி, அதை வண்டி என்போம். விடை அந்த வண்டியின் ஜன்னல்களில் தெரியும். கைப்பிடியை முன்னால் சுற்றினால் கூட்டும், பின்னால் சுற்றினால் கழிக்கும். வகுத்தல் என்றால் பின்னால் சுற்றிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். இனிமேல் கழிக்க இல்லை என்கிற இடத்தைத் தாண்டிவிட்டால் உள்ளே ஒரு மணி அடிக்கும். உடனே ஒரு சுற்று முன்னால் சுற்றிச் சரி செய்து, வண்டியை ஒரு கட்டம் நகர்த்தி, மறுபடியும் கழிக்க வேண்டும். மணி கேட்கும்போதெல்லாம் நான் "முருகா" என்பேன். காலையில் வந்ததும் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவேன். சோறு போடுகிற சாமான் இல்லையா?

எங்கள் ஹெட் கிளார்க் சேஷய்யர். பாலக்காடு கல்பாத்திக்காரர். வேட்டிக்கு மேலே கம்பளி ஸ்வெட்டர், நெற்றி நிறைய விபூதி, காதில் சிவப்புப் பென்சில். சத்தம் போட்டு ஒருவரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு வந்தால் அந்தக் கணக்கை உங்கள் முன்னால் வைத்து, "இது நோக்கே பிடிக்கலையே, எனக்கு எப்படிப் பிடிக்கும்?" என்பார். அது திட்டை விட மோசம். மெஷினுக்கு எண்ணெய் கம்பெனி தராது. தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயைத் தன் கைக்காசில் வாங்கி, மேஜைக்குள் ஒரு சின்னப் புட்டியில் வைத்திருப்பார். நான் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன்.

எழுபத்தாறு, ஆடி மாதம். வெளியே மழை சாட்டை மாதிரி அடிக்கிறது. அன்று ஏகாதசி, சேஷய்யருக்கு உபவாசம். மதியம் சாப்பாடு கிடையாது, போது போக வேண்டுமே. மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, சோதிப்பதற்காக எல்லா ஜன்னலிலும் ஒன்று வரும்படி சுற்றிப் பார்த்தார். பதினோரு ஒன்று வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"முத்தையா, இங்கே வா. இன்னிக்கு ஏகாதசிக்கு ஏத்தாப்ல வந்து நிக்கறது பாத்தயா? பதினொண்ணு. இது உடையுமோ?"

"உடையுமோன்னா என்ன சாமி?"

"மீதி இல்லாம வகுக்க ஒரு எண்ணு உண்டோன்னு கேக்கறேன். ஒண்ணையும் இதையும் தவிர வேற யாரும் வகுக்க முடியலேன்னா, அது தனி எண்ணு. தெய்வம் மாதிரி, பிரிக்க முடியாது."

அன்றைக்கு விளையாட்டாகத்தான் தொடங்கியது. மறுநாள் ஒரு விதி எழுதிக்கொண்டு வந்தார். காலேஜில் இரண்டு வருடம் படித்தபோது ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்ததாம். இந்தப் பதினோரு ஒன்றுகளை எந்த எண் வகுத்தாலும் சரி, அந்த எண்ணில் ஒன்றைக் குறைத்தால் மிச்சம் இருபத்திரண்டால் வகுபட்டாக வேண்டும். அதனால் எல்லா எண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. அதிலும் நாற்பத்தைந்து மாதிரி தானே உடைகிற எண்களைத் தள்ளிவிடலாம். இருபத்திமூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது, அப்புறம் ஒரே தாவாக நூற்றுத் தொண்ணூற்றொன்பது, இப்படிப் போனால் போதும். எதுவரைக்கும்? இந்த எண் இரண்டாக உடைந்தால் அதில் சின்னத் துண்டு ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சத்துக்குள்தான் இருக்க முடியும். அங்கே போய்ச் சேரும்வரை ஒன்றும் அகப்படவில்லை என்றால் உடையாத எண் என்று தீர்மானம். வடிகட்டியும் ஆயிரத்துக்குக் கிட்ட எண்கள் நின்றன.

"இவ்வளவு எதுக்குச் சாமி?" என்று கேட்டேன்.

அவர் காதுப் பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார். "இந்தக் கையால எத்தனை பேர் சம்பளத்தை வகுத்திருக்கேன்! எல்லாம் கம்பெனி கணக்கு. நேக்குன்னு ஒரு கணக்குப் போட்டதில்லை. அப்பா போயிட்டார், படிப்பை விட்டுட்டு மலை ஏறினேன். வர பங்குனியோட ரிட்டயராறேன். கீழே போனா இந்த மெஷின் கிடையாது. இறங்கறதுக்குள்ளே இந்த ஒண்ணுக்காவது பதில் தெரிஞ்சுக்கணும்டா."

நான் மெஷினை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஆபீஸ் விடும், இரண்டு மணிக்குக் கூடும். அந்த இடைவேளைதான் எங்களுக்கு. ஆள் வருகை பதிகிற பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில், மேலே கிழமையைப் போட்டு, அன்றைக்குப் பார்க்க வேண்டிய எண்களை எழுதிக்கொண்டு வருவார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எண்ணை வாசிப்பார். தாளின் தலையில் மட்டும் சுழி போட்டால் அவருக்குப் போதாது, எண்ணுக்கு ஒரு சுழி வேண்டும். நான் நெம்புகோல்களை வைப்பேன், சுற்றுவேன், மணி அடிக்கும், முருகா, வண்டி நகரும். கடைசியில் ஜன்னலில் ஏதாவது மிச்சம் நிற்கும். "மீதி இருக்கு சாமி" என்பேன். "போகட்டும்" என்பார். மீதி எவ்வளவு என்று எழுதிவைக்க மாட்டார். இருக்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி? அடுத்த எண்ணுக்குச் சுழி.

இன்னொன்று ராகுகாலம். அவரும் பார்ப்பார், நானும் பார்ப்பேன். புதனன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம், ஆகையால் ஒன்றரைக்கு மேல்தான் தொடங்குவோம். வியாழனன்று நேர்மாறு, ஒன்றரைக்குத்தான் ராகுகாலம் பிறக்கும். சுவர்க் கடிகாரம் ஒரு அடி அடித்ததும் "மதி" என்பார். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். எந்த எண் எந்த நிலையில் இருந்தாலும் நான் கையை எடுத்துவிட வேண்டும். சுழி விழாத எண்களை மறுநாள் தாளில் சேர்த்துக்கொள்வார்.

சேதி எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, ஐயரு எண்ணு உடைஞ்சுச்சா, இல்ல ஒங்க கை உடைஞ்சுச்சா?" என்பார்கள். ஒரு நாள் தொரையே, அதாவது எஸ்டேட் மானேஜரே, வந்து நின்றார். கோட்டயத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"எந்தா ஐயரே, கம்பெனி மெஷின் தேஞ்சு போகுமில்லே?"

"எண்ணெய் என்னோடது சார். அதனால தேய்மானத்துல பாதி என் கணக்குல எழுதிக்கலாம்."

தொரை சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த அனுமதி.

பங்குனியும் வந்தது. மார்ச் முப்பத்தொன்று வியாழக்கிழமை சேஷய்யருக்குக் கடைசி நாள். அதற்கு முந்திய சனிக்கிழமை கடைசி எண்ணும் மீதி காட்டியது. அவர் பென்சிலை மேஜையில் வைத்தார்.

"ஆச்சு முத்தையா. உடையலை. தனி எண்ணுதான்."

முகத்தில் ஒரு நிறைவு. எனக்கும் அழுகை வருகிற மாதிரி சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவர் பேரில் சர்க்கரைப் பொங்கல் வைக்கலாம் என்று வீட்டில் சொன்னேன். சாமான் சீட்டு எழுதினேன். எட்டு மாதம் சேஷய்யரோடு உட்கார்ந்த பழக்கம், அரிசி, வெல்லம், நெய், முந்திரி எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தனித்தனியாகச் சுழி போட்டுவிட்டு, காற்றாட உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பேச்சியம்மாள் அடுப்பு மூட்டிவிட்டு வந்தாள்.

"வெல்லம் எங்க?"

"சீட்டுல எழுதியாச்சுல்லா."

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "சுழி போட்டா வெல்லம் நடந்து வந்து அடுப்புல ஏறிருமாக்கும்? பிள்ளையாரு தொடங்கி வைப்பாரு. கடைக்கு நீகதான் போகணும். எந்திரிங்க!"

திங்கட்கிழமை இடைவேளையில் பொங்கலைத் தூக்குச் சட்டியில் கொண்டுபோய்ச் சேஷய்யருக்குக் கொடுத்து, இதையும் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய் கைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது.

"முத்தையா, வியாழக்கிழமை மதின்னு சொன்னப்புறம், மெஷின்ல பாதியில நின்ன எண்ணை மறுநாள் நாம பாத்தோமோ?"

"சுழி போடாத எண்ணத்தான சாமி மறுநாள் எடுத்தோம்."

"அதாக்கும் கேக்கறேன். பாதியில நின்னதுக்குச் சுழி விழுந்திருக்குமே. தொடங்கறச்சே போட்ட சுழியை நாம முடிஞ்சதுக்கு அடையாளமா எடுத்துண்டுட்டோம்டா!"

தூக்குச் சட்டியை மூடி வைத்தார். வியாழக்கிழமைத் தாள்களை மட்டும் பிரித்தோம். முப்பதுக்குக் கிட்ட இருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசியாகச் சுழி விழுந்த எண் சோதிக்காமல் விட்டது. ஆகவே பதில் இன்னும் வரவில்லை. அவருக்கு இருப்பதோ நாலு மதியம்.

அந்த நாலும் முழுசாகக் கிடைக்கவில்லை. வருடக் கணக்கு முடிக்கிற வாரம், இடைவேளையில் பாதியைக் கம்பெனியே தின்றது. மேலே இருந்த தாள் புதுசு, அடியில் இருந்தது பழசு. மேலிருந்தே எடுத்தோம். திங்கள் ஒன்றும் உடையவில்லை. செவ்வாயும் இல்லை. புதனன்று ராகுகாலம் போக மிஞ்சினது அரைமணி, அதிலும் இல்லை. சேஷய்யர் வழக்கம்போல "போகட்டும்" என்றார். ஆனால் குரலில் அந்தப் பழைய அலட்சியம் இல்லை.

வியாழன். இரண்டு மணிக்குப் பேக்டரி மாடியில் அவருக்குப் பிரிவு உபசாரம். புது வேட்டி கட்டி வந்திருந்தார். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தோம், எடுத்ததெல்லாம் மீதி. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒன்றரைக்குச் சற்று முன்னால் அடுத்த தாளை எடுத்துச் சுழி போட்டு வாசித்தார்.

"இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொன்பது."

சுற்றினேன். முதல் கட்டத்தில் ஐந்து சுற்று, ஆறாவதில் மணி. அடுத்ததில் ஒன்று. பிறகு மூன்று, இரண்டு, மூன்று. கடைசிக் கட்டத்துக்கு வண்டியை நகர்த்தினேன். டங் என்று கடிகாரம் ஒரு அடி அடித்தது. என் கை தானாக நின்றுவிட்டது. அவரும் வாயைத் திறந்தார். ஆனால் "மதி" என்று சொல்லவில்லை.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "சாமி, எம் மகளுக்குக் காது குத்தினப்ப, ஒரு காது குத்தி முடியயில ராகுகாலம் பிறந்திருச்சு. ஒத்தக் காதோட பிள்ளைய வீட்டுக்கா கூட்டிட்டுப் போனோம்? ஆசாரி மறு காதையும் குத்தித்தான் விட்டாரு. நேரத்துல தொடங்கினதுதானே?"

சேஷய்யர் சுவரிலிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "குத்துடா" என்றார்.

சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மணி இல்லை. ஏழு, எட்டு. இன்னும் மணி இல்லை. ஜன்னலைப் பார்த்தேன். இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. மேலே நெம்புகோலில் என்ன எண் வைத்திருந்தேனோ, அதே எண் கீழே மிச்சமாக நிற்கிறது.  சேஷய்யர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை மெஷினுக்கு வெகு கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"இன்னும் ஒரு சுத்து" என்றார். 

"நீங்க சுத்துங்க சாமி."

அவர் கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு சுற்று. எல்லா ஜன்னலிலும் பூஜ்யம். சுற்றுகளை எண்ணிக் காட்டும் பக்கத்து ஜன்னல்களில் மறு துண்டு, ஐந்து லட்சத்துப் பதிமூவாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது.

அவர் மேஜைக்குள்ளிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து, கைப்பிடிக்கு ஒரு சொட்டு விட்டு, துணியால் துடைத்தார். ஒரு பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி இருந்தது.

அதற்குள் தொரை வாசலில் வந்து நின்றார். "ஐயரே, அவிடே எல்லாரும் மாலையோட நிக்குன்னு. வரூ."

"வந்துட்டேன் சார். உடைஞ்சுடுத்து."

தொரைக்கு முகம் மாறிவிட்டது. "அய்யோ! மெஷினோ?"

"மெஷின் இல்லை சார், எண்ணு. எண்ணு!"

உபசாரத்தில் எல்லாரும் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். அவர் எழுந்து நன்றி சொல்லப் போகும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "சாமி, அதெல்லாம் கெடக்கட்டும், உடைஞ்சுச்சா இல்லையா?" என்றது. உடைந்தது என்றார். மாடி அதிரக் கைதட்டினார்கள். முக்கால்வாசிப் பேருக்கு என்ன உடைந்தது என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன, சந்தோஷம் நிஜம்தானே? மறுநாள் பஸ் ஏறுமுன் பேக்டரிப் பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் சிதறடித்துவிட்டுப் போனார்.

அடித் தாள்கள் சில இன்னும் பாக்கி இருந்தன. கிடைத்த இரண்டு துண்டும் மேற்கொண்டு உடையுமா என்று தெரிய அவற்றையும் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு மதியமாக நானே பார்த்தேன். ஒன்றும் வகுக்கவில்லை. இதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று ஐப்பசியில் கல்பாத்தித் தேருக்குப் போனேன். தேர் பார்த்து, விசுவநாத சுவாமியைச் சேவித்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மாமி காப்பி போட உள்ளே போனார்.

இரண்டு துண்டும் இனி உடையாது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "ஒரு சங்கதி கேட்டயா முத்தையா?" என்றார். "அடுத்தாத்துல ஒரு காலேஜ் வாத்தியார் குடி வந்திருக்கார். அவர்ட்ட நம்ம எண்ணைக் காமிச்சேன். நூறு வருஷத்துக்கு முன்னாடியே யாரோ சீமையில உடைச்சு அச்சுப் போட்டாச்சாம்."

 "அப்ப நம்ம எட்டு மாசம் சாமி?"

அவர் பூஜை அலமாரியைக் காட்டினார். துளசி மாலை ஒன்று தொங்கியது. "கார்த்திகை ஒண்ணாந்தேதி அதை நான் போட்டுக்கப் போறேன். சபரிமலைக்கு நேக்கு முன்னாடி எத்தனை லட்சம் பேர் ஏறியிருப்பா? அதுக்காக, பதினெட்டாம் படிகிட்ட போய் நிக்கறச்சே, 'இதெல்லாம் முன்னாடியே ஏறியாச்சு ஓய், வெறுதே ஏறாதேயும், திரும்பிப் போம்'னு யாராவது சொல்லுவாளோ?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ரிட்டயரான பிறகும் அது அங்கேதான் இருந்தது.

"இப்போ பதிமூணு ஒண்ணு பாப்போமா? இதுக்கு இருபத்தாறு கணக்கு. இருபத்தாறால வகுத்தா ஒண்ணு மிஞ்சற எண்ணாப் பாக்கணும். இருபத்தேழு தானே உடையும், அதைத் தள்ளு. முதல்ல அம்பத்திமூணு."

மெஷின் இல்லாமல் தாளிலேயே வகுத்தார். நான் பக்கத்தில் நின்று வாய்ப்பாடு சொன்னேன். கடைசி இலக்கத்தை இறக்கினார். மீதி இல்லை. முதல் எண்ணிலேயே உடைந்துவிட்டது. மாமி வைத்த காப்பியில் ஆடைகூடப் படியவில்லை.

சேஷய்யர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணீர் வழிய, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எட்டு மாசம்டா! எட்டு மாசம் நம்மளைச் சுத்த விட்டுட்டு, இதைக் கையில தூக்கிக் குடுக்கறார் பாரு பகவான்!" மாமி என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தார்.

பிறகு அவர் ஒரு புதுத் தாள் எடுத்து, பதினேழு ஒன்றுகளை எழுதி, என் பக்கம் நகர்த்தினார். மூன்று மணி பஸ்ஸை விட்டேன். ஐந்து மணி பஸ்ஸையும் விட்டேன்.